பெயர் கூறுங் கடன்

பிறர் பொருளைப் பெற்றுத் தம் பொருளோடு சேர்த்து ஆளுங்கால், இதனை இன்னாரிடத்து இன்ன நிபந்தனையின்மேற் பெற்றோம் என்று வெளிப்படக் கூறுதல் அறிவுடையோர் மரபு. அம்மரபு ஏட்டுலகிற்கும் புத்தக உலகிற்குமே உரியதென்று யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். கணிப்பொறி வழியாக இயங்கும் வலைச்செயலிகட்கும் அஃது உரித்தென்பதையும், ஆண்டு அது வெறும் மரியாதையாக மட்டுமன்றிச் சட்டக் கடனாகவும் நிற்கின்றதென்பதையும், சென்ற கோடை விடுமுறையில் நேர்ந்த ஒரு தலைகுனிவினால் அறிந்தேன். அறிந்தவற்றை நம் கல்லூரி மலரைப் படிக்கும் அன்பர்கட்கு முறைப்படக் கூறுதலே இவ்வியாசத்தின் நோக்கம்.

என் ஊர் தென்காசி நகரை அடுத்த குத்துக்கல்வலசை. அயலதாகிய மத்தளம்பாறையில் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011ஆம் ஆண்டுமுதல் அலுவலகம் நடத்தி வருதலின், நிரல் எழுதுதல் எங்கள் பக்கத்து இளைஞர்க்குப் புதுமையான தொழிலன்று. பலதொழிற் பயிலகத்திற் கணிப்பொறி கற்கும் என் சிற்றப்பா மகனும் யானும் சேர்ந்து, பள்ளிச் சிறுவர்க்குப் பயன்படுமாறு ஒரு சிறு வலைச்செயலியை அமைத்தோம். கீழ்க்கணக்கு நூல்கள் சிலவற்றைக் கைப்பேசியிற் படிக்கவும், ஒரு சொல் எவ்வெப் பாட்டில் வருகின்றதென்று தேடவும் அஃது உதவுவது. நிரல் தம்பியின் பங்கு. பாடம் என் பங்கு. பாடங்களை 'மதுரைத் திட்டம்' என்னும் மின்னூற்றொகுதியினின்றும் எடுத்தேன். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் சில வரிகள் இருந்தன. அவை அழகிற்கு இடையூறென்று கருதி வெட்டிவிட்டேன். பக்கத்தின் அடியில் 'ஆக்கம்' என்றெழுதி எங்கள் இருவர் பெயரையும் பொறித்தோம்.

ஓய்வு பெற்று எங்களூரில் வாழும் தமிழாசிரியர் ஒருவரிடம் அதனைக் காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பாடல்கள் சிலவற்றைப் படித்து மகிழ்ந்தார். பின்னர், "இத்தனை பாட்டையும் நீங்களே தட்டச்சுச் செய்தீர்களா, தம்பி?" என்று வினவினார்.

"இல்லை, ஐயா, இணையத்திலிருந்து எடுத்தோம்" என்றேன்.

"அப்படியானால், செய்தவர்கள் பெயர் எங்கே?" என்றார்.

அவ்வினாவிற்கு என்னிடம் விடையில்லை. யான் வெட்டியெறிந்த வரிகளிலேதான் அவர்கள் பெயர் இருந்தது.

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வாழ்ந்த வேதியியலறிஞர் கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளிற் சிதறி வாழும் தமிழர் ஊதியம் யாதுமின்றி நூல்களைத் தட்டெழுதியும் பிழைதிருத்தியும் உதவினர். ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் தட்டெழுதினோர் பெயரும் பிழைதிருத்தினோர் பெயரும் காணப்படும். அவற்றின் கீழே, இம்முகப்புப் பகுதியைச் சிதைக்காது வைத்திருப்பின் யாவரும் இக்கோப்பினைத் தடையின்றி வழங்கலாம் என்னும் பொருள்படும் அநுமதியும் உண்டு. அவர்கள் வேண்டிய விலை அஃதொன்றே. அவ்வொன்றையும் யான் கொடுத்திலேன்.

உரிமமாவது யாது?

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் கணிப்பொறி நிரலையும் 'இலக்கியப் படைப்பு' என்னும் வகையுள் அடக்கிற்று. ஆகவே ஒரு வெண்பாவும் ஒரு நிரலும் சட்டத்தின் நோக்கில் ஓரினமே. எழுதினவன் இசைவின்றி நிரலைப் படியெடுத்தலும் மாற்றுதலும் பிறர்க்கு வழங்குதலும் பொதுவாக ஏனையோர்க்கு உரியவல்ல. இணையத்திற் கண்ணுக்குத் தெரிகின்றது என்பதொன்றே இசைவாகாது. அவ்விசைவை எல்லார்க்கும் முன்கூட்டியே எழுத்தில் அளிக்கும் ஆவணமே உரிமம் எனப்படும். அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமையை ஒருவன் பிறர்க்கு மாற்றிக் கொடுத்த பின்னரும், 'இஃது என் படைப்பு' என்று கூறும் உரிமை அவனை விட்டு நீங்காதென்கின்றது.

மூலநிரலை யாவர்க்கும் காட்டி, பயன்படுத்தவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமம் அளிக்கப்பெற்ற மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்பர். இஃது இலவசமாகக் கிடைப்பினும் நிபந்தனையின்றிக் கிடைப்பதன்று. நிபந்தனைகள் உரிமந்தோறும் வேறுபடும். அவற்றுட் சிலவற்றை ஈண்டு நோக்குவாம்.

உரிம வகை

முதலாவது, மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் பெயரால் வழங்கும் எம்.ஐ.டி. உரிமம். பூட்ஸ்டிராப், ஜேகுவெரி முதலிய நிரல்நூலகங்கள் இதன்கீழ் வெளிவந்தவை. 2017ஆம் ஆண்டுமுதல் ரியாக்ட் என்பதும் இதனுள் அடங்கும். இதன் நிபந்தனை ஒன்றே: பதிப்புரிமை வரியும் அநுமதி வாசகமும் ஒவ்வொரு படியிலும், அன்றிப் பெரும்பகுதி எடுத்தாளப்படும் இடத்தும், உடனிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கலிபோர்னியா சர்வகலாசாலையிற் பிறந்த பி.எஸ்.டி. உரிமம். இன்று பெரிதும் வழங்கும் மூன்று விதி வடிவில், குறிப்பினைப் பேணுதலோடு, ஆக்கியோர் பெயரை நம் பொருளுக்கு நற்சான்றாக இசைவின்றி ஆளலாகாது என்னும் விதியும் உண்டு. மூன்றாவது, அப்பாச்சி உரிமத்தின் 2004ஆம் ஆண்டுப் பதிப்பு. மாற்றிய கோப்புகளில் மாற்றினோம் என்று குறித்தலையும், மூலத்தோடு 'அறிவிப்பு' என்னும் கோப்பு வரின் அதிலுள்ள பெயர்க்குறிப்புகளை உடன் வழங்குதலையும் இது வேண்டும்.

நான்காவது, ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமம். 1983ஆம் ஆண்டில் குனு இயக்கத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் இதனை 1989இல் வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு 1991இலும் மூன்றாம் பதிப்பு 2007இலும் வந்தன. இதன்கீழ்ப் பெற்ற நிரலைத் திருத்திப் பிறர்க்கு வழங்குவோர், தம் திருத்தத்தையும் அதே உரிமத்தின்கீழ் மூலநிரலோடு வழங்கவேண்டும். ஐந்தாவது, எழுத்துருக்களுக்கென்றே அமைந்த ஓ.எஃப்.எல். உரிமம். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இதன்கீழ் வழங்குகின்றன. எழுத்துருவைத் தனியே விற்கலாகாது. வழங்குங்கால் பதிப்புரிமைக் குறிப்பும் உரிமமும் உடன்செல்லவேண்டும். ஆக்கியோர் ஒரு பெயரைத் தமக்கெனக் காத்துவைத்திருப்பின், திருத்திய வடிவிற்கு அப்பெயர் இடலாகாது.

தமிழ் பயிலும் நமக்கு இவை முற்றிலும் புதியனவல்ல. நன்னூலார் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினார். சிறப்புப்பாயிரத்தில் உணர்த்தவேண்டிய எட்டனுள் முதலாவது ஆக்கியோன் பெயர், இரண்டாவது வழி. அஃதாவது, இயற்றியவன் யாவன், எதன் வழியாக இந்நூல் வந்தது என்னும் இரண்டும் நூற்பெயருக்கும் முன்னே நிற்கின்றன. பிறர் நிரலின்மேற் கட்டிய செயலி யாவும் வழிநூலே. வழி கூறாத வழிநூல் தன்னை முதனூலாகக் காட்டிப் பொய்யுரைக்கின்றது.

நன்றியுரையும் உரிமக்குறிப்பும்

இனி, இவ்வியாசத்தின் முதன்மைக் கருத்திற்கு வருவாம். ஆசிரியரின் வினா எங்களைச் சுட்டபின், தம்பி உடனே பக்கத்தின் அடியில் 'பூட்ஸ்டிராப், நோட்டோ, மதுரைத் திட்டம் ஆகியவற்றிற்கு நன்றி' என ஒரு வரி சேர்த்தான். கடன் தீர்ந்ததென்று இருவரும் மகிழ்ந்தோம். பின்னர் உரிமங்களை ஒருமுறை முழுதும் படித்தபொழுதுதான், கடனில் ஒரு காசும் தீரவில்லையென்று தெரிந்தது. எம்.ஐ.டி. உரிமம் நன்றி கேட்கவில்லை. தன் வாசகம் உடன்வரவேண்டும் என்று கேட்கின்றது. மதுரைத் திட்டமும் புகழ் கேட்கவில்லை. முகப்பினைச் சிதையாதே என்று கேட்கின்றது. நன்றி கூறுதல் நம் சொல்லால் நாம் செய்யும் உபசாரம். உரிமக்குறிப்பைப் பேணுதலோ அவர்தம் சொல்லை அவ்வண்ணமே மேலும் கொண்டுசேர்த்தல். முன்னது நம் விருப்பத்தைப் பொறுத்தது. பின்னது பெற்ற உரிமையின் நிபந்தனை.

இவ்வேறுபாட்டை நம் கல்வெட்டுகளே தெளிவாக விளக்கும். பத்தாம் நூற்றாண்டில், உத்தம சோழனை ஈன்ற செம்பியன் மாதேவியார் பழங்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாகப் புதுப்பித்தனர். சோழநாட்டுத் திருக்கோடிக்காவலில் அங்ஙனம் புதுப்பித்தகாலை, பழைய கற்களிலிருந்த கொடைச் செய்திகள் புதுச்சுவரில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. 'பழங்கற்படி' என்று அவை குறிக்கவும் பெற்றன. முன்னோர் பலர் கொடை தந்தனர், அவர்க்கு எம் வணக்கம் என்று ஒருவரி வெட்டுவித்து விட்டிருப்பின், யாவர் எதனை எந்நிபந்தனையின்மேற் கொடுத்தனர் என்பது அன்றே மறைந்திருக்கும். சுவர் புதிது, சொல் பழையது, இரண்டும் ஒருங்கு நின்றன. வலைச்செயலியில் உரிமக்குறிப்பைப் பேணுதல் இத்தகைய பழங்கற்படியே.

எங்கள் தென்காசியிலும் இதற்கு அணித்தான ஒரு சான்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆண்டு கோயிலெடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்து அக்கோயிலைக் காத்துச் செப்பனிடுவோரைத் தான் பணிவதாகப் பாட்டாற் கல்லிற் பொறிப்பித்தான். தன் காலத்திற்குப்பின் வருவோர் கையிலேயே தன் பணி வாழவேண்டுமென்று உணர்ந்தவன் சொல் அது. மூலநிரலைத் திறந்து கொடுப்போனும் அத்தகையனே. அவனை நாம் கண்டிலோம். அவனும் நம்மைக் கண்டிலன். இருவர்க்கும் இடையே நிற்பது அக்குறிப்பு ஒன்றே.

வலைச்செயலியின் தனியியல்பு

வலைச்செயலியில் நிரல் ஈரிடத்து இயங்கும். ஒருபகுதி வழங்கி எனப்படும் தொலைவிலுள்ள கணிப்பொறியில் இயங்கும். மற்றொருபகுதி, பக்கத்தைத் திறப்போனுடைய உலாவிக்கு அனுப்பப்பெற்று அவன் கைப்பேசியிலேயே இயங்கும். பின்னதை நாம் அனுப்புங்கால், ஒரு படியைப் பிறர்க்கு வழங்குகின்றோம் என்பது தெளிவு. எழுத்துருவும் அவ்வாறே செல்கின்றது. ஆகலின் குறிப்பும் உடன்செல்லல் வேண்டும். வழங்கியிலேயே தங்கும் நிரலை நாம் யார்க்கும் கொடுத்திலோமாகலின், ஜி.பி.எல். உரிமத்தின் வழங்கற் கடன்கள் ஆண்டு எழா. அவ்விடைவெளியை அடைத்தற்கென்றே 2007ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஏ.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அதன்கீழ்ப் பெற்ற நிரலைத் திருத்தி வழங்கியில் இயக்குவோர், வலைவழியே அதனைப் பயன்படுத்துவோர்க்கும் மூலநிரலைப் பெறும் வழி காட்டவேண்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. பக்கம் விரைந்து திறக்கும்பொருட்டு நிரலாளர் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி, இடைவெளிகளையும் விளக்கக்குறிப்புகளையும் நீக்கிச் சுருக்குவர். உரிமக்குறிப்பும் ஒரு விளக்கக்குறிப்பாகவே எழுதப்பட்டிருத்தலின், சுருக்குங் கருவி அதனையும் சேர்த்து அழித்துவிடுதல் கூடும். ஒருவனும் தீங்கு நினையாமலே பெயர்கள் மறைவது இவ்வாறே. இதற்கு ஒரு மாற்று வழக்கில் உள்ளது: விளக்கக்குறிப்பின் தொடக்கத்தில் வியப்புக்குறி இட்டிருப்பின், கருவிகள் பெரும்பாலும் அதனைத் தொடாது விடும். எழுதினோர் இட்ட அக்குறியைக் கருவிக்குக் கட்டளையிட்டு நாமே நீக்கிவிடாதிருத்தல் வேண்டும்.

ஒரு வழக்கு

பெயர் விடுபட்டதனால் என்ன கேடு என்று வினவுவோர்க்கு, அமெரிக்க நாட்டில் நடந்த ஜேக்கப்சன்–கட்சர் வழக்கு விடையாகும். சிறு மாதிரி இரயில்களைக் கணிப்பொறியால் இயக்கும் திறமூல மென்பொருளொன்றை ராபர்ட் ஜேக்கப்சன் என்பாரும் அவர் கூட்டாளிகளும் ஆக்கி, 'கலை உரிமம்' என்னும் உரிமத்தின்கீழ் வெளியிட்டனர். எதிர்த்தரப்பார் அதன் கோப்புகள் சிலவற்றைத் தம் விற்பனை மென்பொருளிற் சேர்த்தனர். ஆக்கியோர் பெயரும், பதிப்புரிமைக் குறிப்பும், மூலம் இன்னதென்னும் செய்தியும், செய்த மாற்றங்களும் அதிற் குறிக்கப்படவில்லை. கீழ்நிலை மன்றம் இதனை ஒப்பந்த மீறலாக மட்டுமே கருதிற்று. மேல்முறையீட்டு மன்றமோ 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், அவை உரிமத்தின் நிபந்தனைகளே எனவும், அவற்றைக் கடந்தோர் பதிப்புரிமையையே மீறினோராகக் கருதப்படுதல் கூடுமெனவும் தீர்ப்பளித்தது. பணம் பெறாது கொடுத்தோர்க்கும் பெயரால் வரும் பயன் உண்டென்று அம்மன்றம் ஏற்றுக்கொண்டமை ஈண்டுக் கருதற்பாலது.

சட்டம் நிற்க. பெயர்ப்பட்டியலால் பயன்படுத்துவோர்க்கும் காப்பு உண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லாக்-ஃபோர்-ஜே என்னும் நிரல்நூலகத்தில் ஒரு பெரும் பழுது வெளிப்பட்டது. உலகெங்கும் உள்ள நிறுவனங்கள் அந்நூலகம் தம்மிடத்து எங்கெங்கு உளதென்று தேடி அலைந்தன. எதனை எங்கிருந்து பெற்றோம், எப்பதிப்பைப் பெற்றோம் என்று எழுதிவைத்தோர்க்கு அத்தேடல் எளிது. உ. வே. சாமிநாதையர் தமக்கு ஏட்டுச்சுவடி உதவினோரைத் தம் பதிப்புகளின் முகவுரையிற் பெயர்சுட்டி வரிசைப்படுத்தியது நன்றிக்காக மட்டுமன்று. பாடத்தின் வழியைப் பின்வருவோர் ஆராய்தற்கும் அஃது உதவுகின்றதன்றோ?

இத்துணைப் பெயர்களை யார் சுமப்பது என்று சிலர் தடை கூறுவர். அத்தடை முற்றும் பொருந்தாததன்று. பழைய பி.எஸ்.டி. உரிமம் விளம்பரந்தோறும் ஆக்கியோரைக் குறிக்கவேண்டும் என்றது. 1997ஆம் ஆண்டைச் சார்ந்த நெட்பி.எஸ்.டி. பதிப்பொன்றில் அத்தகைய வாக்கியங்கள் 75 இருந்தனவென்று ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். கலிபோர்னியா சர்வகலாசாலை 1999ஆம் ஆண்டில் அவ்விதியைக் கைவிட்டது. அளவிறந்தது இவ்வாறு திருத்தப்பெற்றமையின், இன்று எஞ்சி நிற்பது எளிய கடனே. அதனையும் பெரிதென்று தள்ளுதல் முறையன்று.

செய்யவேண்டுவன

வலைச்செயலி அமைக்கும் மாணவர் பின்வருமாறு செய்தல் நலம். முதற்கண், பிறரிடத்துப் பெற்ற நிரல், எழுத்துரு, படம், பாடம் அனைத்தையும் பட்டியலிடுக. நேரே எடுத்தவை சிலவாயினும், அவை தம்மொடு அழைத்துவருவன பலவாதலின், அவற்றைத் தொகுத்துக் காட்டும் கருவிகளைத் துணைக்கொள்க. இரண்டாவதாக, ஒவ்வொன்றற்கும் பெயர், பதிப்பு, பதிப்புரிமை வரி, உரிமத்தின் பெயர், மூலம் கிடைக்குமிடம் ஆகிய ஐந்தையும் எழுதுக. மூன்றாவதாக, உரிமத்தின் வாசகத்தை முழுமையாகச் சேர்க்க. சுருக்கியும் மொழிபெயர்த்தும் மட்டும் இடற்க. நான்காவதாக, செயலியின் அடியில் 'உரிமங்கள்' என்னும் இணைப்பிட்டு யாவரும் காணுமாறு செய்க. அனுப்பப்படும் கோப்பிலும் குறிப்பு அழியாமற் காக்க. ஐந்தாவதாக, மாற்றியதுண்டாயின் மாற்றினோம் என்க. இறுதியாக, உரிமம் யாதும் காணப்படாத நிரலைத் தொடற்க. வேண்டுமாயின் ஆக்கியோனிடத்து எழுதிக் கேட்க.

நாங்களும் இவ்வாறே செய்தோம். வெட்டிய முகப்புகளை மூலக் கோப்புகளினின்றும் மீண்டும் எடுத்து நூல்தோறும் சேர்த்தோம். உரிமங்களுக்கெனத் தனிப்பக்கம் ஒன்று அமைத்தோம். அதனைத் தொகுக்க ஒரு முழுநாள் ஆயிற்று. நான்கு பொருளையே எடுத்தோமென்றிருந்த எங்களுக்கு, அந்நான்கின் பின்னே நின்றோர் பட்டியல் திரையில் நீண்டுகொண்டே சென்றது. பல நாட்டார், பல மொழியார். ஒருவரையும் யாங்கள் அறியோம். அவர்கள் இரவுகளிற் செய்த வேலையின்மேல் ஏறிநின்று, எங்கள் பெயர் இரண்டினை மட்டும் எழுதிவைத்திருந்தோம்.

ஆசிரியரிடம் மீண்டும் சென்று காட்டினேம். அவர் பாடல்களைத் திறக்கவில்லை. நேரே உரிமப் பக்கத்தைத் திறந்து, தட்டெழுதினோர் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். "இவர்களில் எத்தனை பேர் இப்போது உயிரோடிருக்கிறார்களோ, தம்பி" என்று மட்டும் சொல்லிக் கைப்பேசியை என்னிடம் தந்தார்.

எங்களூர்ப் பெயரின் முற்பகுதியாகிய குத்துக்கல் என்பது நிலத்தில் நட்டுவைத்த கல்லைக் குறிக்கும். நட்டவன் போனபின்னும் கல் நிற்பது, பிடுங்காது விட்டோர் பலர் இருந்தமையாலன்றோ? நண்பர்காள்! நிரலின் தலைப்பில் நிற்கும் அச்சில வரிகளும் அத்தகைய கல்லே. அவற்றைப் பிடுங்காது அடுத்தவர் கைக்குச் சேர்ப்பது நம் கடன்.